வலி நின்ற பிறகும் மாத்திரை எதற்கு? கவுட் நோயில் மருந்தும் உணவும்

எங்கள் மூட்டுவாதப் புறநோயாளர் பிரிவில் கவுட் நோயாளர்களும் அவர்களுடன் வருவோரும் மிகுதியாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. “டாக்டர், வலி போய் மூன்று மாதம் ஆகிறது. இன்னும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?” என்பது ஒன்று. “இவருக்கு என்னென்ன சாப்பாடு கொடுக்கக் கூடாது?” என்பது மற்றொன்று. முதற்கேள்வியை நோயாளர் கேட்பார். இரண்டாவதைப் பெரும்பாலும் அவருடைய மனைவியோ மகளோ கேட்பார். வீட்டுக்குத் திரும்பிய பின் இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் கவனம் முதற்கேள்விக்குக் கிடைப்பதில்லை. பருப்பும் கீரையும் தக்காளியும் சமையலறையிலிருந்து விலக்கப்படுகின்றன. அலோபியூரினால் மாத்திரை அட்டையோ பாதி தீர்ந்த நிலையில் அலமாரியில் கிடக்கிறது. சில மாதங்கள் கழித்து நள்ளிரவில் கால் பெருவிரல் மீண்டும் சிவந்து வீங்கும்போது, “கட்டுப்பாடாகத்தானே சாப்பிட்டோம்!” என்று குடும்பமே மனம் நொந்துபோகிறது.

இந்த ஏமாற்றம் தவிர்க்கக்கூடியது. அதற்கு, வலி இல்லாத நாட்களில் இந்நோய் உடலில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வலி இல்லாதபோதும் இருக்கும் நோய்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. பழைய உயிரணுக்கள் அழியும்போது இது சிதைந்து யூரிக் அமிலமாக மாறுகிறது. உணவின் வழியே வரும் பியூரினும் அவ்வாறே மாறும். பாலூட்டிகள் பலவற்றின் உடலில் யூரிக் அமிலத்தை மேலும் சிதைத்து, எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் அந்த நொதியைப் பரிணாமப் பாதையில் இழந்துவிட்டனர். எனவே நம் உடலில் சேரும் யூரிக் அமிலத்தை அப்படியே வெளியேற்றியாக வேண்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அமிலம் கரைந்த நிலையில் இருக்க முடியும். அந்த வரம்பைத் தாண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தால், சர்க்கரைப் பாகு ஆறுகையில் கற்கண்டு படிவதைப் போல, அது ஊசி வடிவப் படிகங்களாக மூட்டுகளுக்குள் படியத் தொடங்கும். உடலின் நடுப்பகுதியைவிடக் கால் விரல்கள் குளிர்ந்தவை. குளிர்ச்சியில் படிகம் எளிதாக உருவாகும். பெருவிரலின் அடிமூட்டு முதலில் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிகங்கள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருக்கக்கூடும். ஒருநாள் அவற்றுட் சில மூட்டு நீருக்குள் உதிர்கின்றன. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை அயற்பொருளாகக் கருதித் தாக்குகின்றன. அந்தப் போரே நோயாளர் உணரும் வலி. படுக்கைக்குச் செல்லும்போது நலமாக இருந்தவர், விடியுமுன் போர்வை உரசுவதையும் பொறுக்க முடியாத நிலைக்கு ஆளாகிறார். ஒருநாளுக்குள் வலி உச்சத்தை எட்டும். பின்னர் மருந்து இல்லாவிட்டாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

தானாகவே அடங்கும் இந்த இயல்புதான் மக்களை ஏமாற்றுகிறது. அடங்கியது அழற்சி மட்டுமே. படிகங்கள் மூட்டுக்குள் அப்படியே இருக்கின்றன. யூரிக் அமிலம் குறையாதவரை மேலும் சேருகின்றன. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்த தாக்கு பின்னர் மாதந்தோறும் வரத் தொடங்கலாம். பெருவிரலில் இருந்தது கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு எனப் பரவலாம். காது மடல், முழங்கை, விரல் மூட்டுகள் ஆகிய இடங்களில் சுண்ணாம்பு போன்ற வெண்பொருள் நிறைந்த கட்டிகள் தோன்றலாம். எலும்பு அரிக்கப்பட்டு மூட்டு உருக்குலையலாம்; சிறுநீரகக் கற்கள் உண்டாகலாம்.

இங்கே குடும்பத்தாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கவுட் நோய்க்கு முற்காலத்தில் ‘அரசர்களின் நோய்’ என்னும் பெயர் இருந்தது. அதனால் இந்நோய் வந்தவர் நாவடக்கம் இல்லாதவர் என்ற பழி இன்றுவரை நீடிக்கிறது. உண்மையில், பெரும்பாலானோருக்கு யூரிக் அமிலம் உயரக் காரணம், அவர்களின் சிறுநீரகம் பிறப்பிலேயே அதைக் குறைவாக வெளியேற்றும் மரபியல்பு உடையதாக இருப்பதுதான். உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், சிறுநீரகச் செயற்குறைவு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. அதன் பிறகு அவர்களுக்கும் இந்நோய் வரும். ஒரே தட்டில் ஒரே கறிக்குழம்பை உண்ட அண்ணன் தம்பியரில் ஒருவருக்கு மட்டும் கவுட் வருவதை நாம் காண்கிறோம். உண்பவரைக் கடிந்துகொள்வதால் அவருடைய சிறுநீரகம் மாறிவிடாது.

எல்லா மூட்டுவலியும் கவுட் அன்று

யூரிக் அமிலப் பரிசோதனை எளிதில் கிடைப்பதால், எந்த மூட்டு வலித்தாலும் அதன்மேல் பழிபோடும் வழக்கம் பரவியிருக்கிறது. அறுபது வயதில் முழங்கால் தேய்மானத்தால் வலிக்கும் ஒருவருக்கு யூரிக் அமிலம் 7.4 என்று வந்துவிட்டால், அவருக்கு கவுட் இருப்பதாக முடிவுகட்டிவிட முடியாது. யூரிக் அமிலம் உயர்ந்திருப்பவர்களுள் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் கவுட் வருவதேயில்லை. நோய்க்குறி எதுவுமின்றி எண் மட்டும் உயர்ந்திருந்தால் பொதுவாக மருந்து தேவைப்படாது. மறுபுறம், கடும் தாக்கின்போது எடுக்கும் பரிசோதனையில் அளவு இயல்பாகவே வரக்கூடும். அப்போது ‘கவுட் இல்லை’ என்று விட்டுவிடாமல், தாக்கு அடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது முறை.

நோயை உறுதிசெய்யும் சிறந்த வழி, மூட்டு நீரை ஊசியால் சிறிதளவு எடுத்து, முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் படிகங்களைக் காண்பது. 1961 முதல் மருத்துவ உலகம் இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது. ஊசி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. வீங்கிய மூட்டிலிருந்து நீர் வெளியேறியதும் வலி குறைவதைப் பலர் உணர்கின்றனர். இதில் மற்றொரு பயனும் உண்டு. நுண்கிருமித் தொற்றால் சீழ்கொண்ட மூட்டும் கவுட் போலவே சிவந்து, சூடாகி, வீங்கும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து ஒரு மூட்டு திடீரென வீங்கினால், ‘பழைய கவுட்தானே’ என்று வீட்டிலிருந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சீழ் மூட்டுக்கு மணிநேரங்களும் முக்கியம்.

தாக்கை அடக்கும் மருந்துகள்

கவுட் மருந்துகள் இருவகை. எரியும் நெருப்பை அணைப்பவை ஒருவகை. விறகை அப்புறப்படுத்துபவை மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதாலேயே தவறுகள் பெரிதும் நேர்கின்றன.

நெருப்பை அணைப்பவற்றுள் ஒன்று கொல்கிசின். இதற்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள வேதிப்பொருள்தான் கொல்கிசின். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இச்செடி கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் பயிரிடப்பட்டு, அதன் விதை மருந்துத் தயாரிப்புக்காக ஏற்றுமதி ஆகிறது. அப்படியானால் கிழங்கையே அரைத்து உண்ணலாமே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அக்கிழங்கு கொடிய நஞ்சு. அதை உண்டு உயிரிழந்தோர் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது.

மாத்திரைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். முன்னாட்களில் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு கொல்கிசின் மாத்திரை கொடுப்பார்கள். அப்பழக்கத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் உள்ளனர். 2010-ல் வெளிவந்த ஆய்வொன்று, சிற்றளவு கொல்கிசினும் பேரளவைப் போலவே வலியைக் குறைக்கிறது என்று காட்டியது. பேரளவு உண்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. சிற்றளவில் அது நான்கில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே இன்று, தாக்கு தொடங்கியதும் இரண்டு மாத்திரை, ஒருமணி நேரம் கழித்து ஒன்று என்ற அளவில் முதல்நாள் நிறுத்திக்கொள்கிறோம். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளை உண்பவர்களுக்கும் இவ்வளவும் மிகையாகலாம். உங்கள் மருந்துச்சீட்டில் எழுதப்பட்ட அளவே உங்களுக்குரிய அளவு. அண்டை வீட்டாருடையது அன்று.

நேப்ராக்ஸன், இண்டோமெதாசின் போன்ற வலி நிவாரணிகளும் நன்கு வேலை செய்யும். ஆனால் சிறுநீரக நோய், வயிற்றுப்புண், இதயச் செயலிழப்பு உடையவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அத்தகையோருக்குச் சில நாட்கள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரையோ மூட்டுக்குள் ஓர் ஊசியோ தருகிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்நாட்களில் சர்க்கரை அளவு உயரும். வீட்டிலேயே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. வலி வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் கலவை மாத்திரைகளில் வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கக்கூடும். அவை இரண்டே மணிநேரத்தில் ஆறுதல் தரும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். படிகங்களில் ஒன்றையும் கரைக்கா.

தாக்கு நேரத்தில் எந்த மருந்தாயினும் விரைந்து தொடங்குவதே சிறப்பு. முதல் சில மணிநேரத்தில் உண்ட மாத்திரை தரும் பயனை மூன்றாம் நாள் உண்ணும் மாத்திரை தராது. எனவே மருத்துவர் எழுதித்தந்த தாக்கு மருந்தை வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். வெளியூர் செல்லும்போது பையில் எடுத்துச் செல்லுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் ஒற்றுவதும் நலம் பயக்கும். சூடான ஒத்தடமும் தைலம் போட்டு நீவுவதும் வேண்டாம்.

படிகங்களைக் கரைக்கும் மருந்துகள்

இக்கட்டுரையின் உயிர்நாடி இப்பகுதியே. ஆண்டுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தாக்குகள் வருவோர், கட்டிகள் தோன்றியோர், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்புக் காணப்படுவோர் ஆகியோர்க்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து நாள்தோறும் வேண்டும். சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உடையவர்களுக்கு முதல் தாக்குக்குப் பின்னரே இதைத் தொடங்குவது குறித்துப் பேசுகிறோம்.

இவற்றுள் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது அலோபியூரினால். கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் ஆற்றலை நீட்டிப்பதற்காக ஆராய்ந்த வேதிப்பொருள் இது. அது யூரிக் அமிலம் உருவாவதையே தடுக்கிறது என்பது தெரியவந்ததும் கவுட் மருத்துவம் புதிய பாதைக்குத் திரும்பியது. 1966-ல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. அவ்விருவருக்கும் 1988-ல் நோபெல் பரிசு கிடைத்தது. விலை குறைந்த இம்மருந்தைப் பழையது என்பதற்காகத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

இதைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை. ஓர் எடுத்துக்காட்டாக, யூரிக் அமிலம் 9.2 உள்ள ஒரு லாரி ஓட்டுநரை எண்ணிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அலோபியூரினால் தொடங்கி, நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அளவு 8.1. அவர் மனம் தளர்கிறார். 200 மில்லிகிராம் ஆக்கியதும் 6.9 ஆகிறது. ஆய்வக அறிக்கையில் அச்சிட்டுள்ள இயல்பு அளவின் மேல்வரம்பு 7 என்றிருப்பதால், ‘நார்மல்’ ஆகிவிட்டதென்று மகிழ்ந்து அங்கேயே நின்றுவிட நினைக்கிறார். அங்கே நிற்கக் கூடாது. கரையும் வரம்பு 6.8 என்று மேலே கண்டோம், 6.9-ல் ஒரு படிகமும் கரையாது. கவுட் உள்ளவரின் இலக்கு 6-க்குக் கீழே. கட்டிகள் உள்ளவருக்கு 5-க்குக் கீழே சென்றால் அவை விரைந்து கரையும். நம் ஓட்டுநருக்கு 300 மில்லிகிராமில் 5.7 வந்தது என்றால் அந்த அளவே அவருக்குரியது. வேறொருவருக்கு 400-ஓ 500-ஓ தேவைப்படலாம். அளவை உயர்த்துவது நோய் முற்றியதன் அடையாளம் அன்று. சட்டைக்கு அளவெடுப்பது போன்றது.

இனி, பலரை மருந்தைக் கைவிடச் செய்யும் செய்தி. மருந்து தொடங்கிய முதற்சில மாதங்களில் தாக்குகள் குறைவதற்கு மாறாக அதிகரிக்கக்கூடும். படிகங்கள் கரையத் தொடங்கும்போது அவற்றின் துணுக்குகள் மூட்டுக்குள் உதிர்வதே காரணம். அதாவது, மருந்து வேலை செய்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், “மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறுத்திவிடுவது இயல்பே. இதைத் தவிர்க்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குச் சிற்றளவு கொல்கிசினையும் சேர்த்துத் தருகிறோம். அவ்வாறிருந்தும் தாக்கு வந்தால் தாக்குக்குரிய மருந்தை உண்ணுங்கள், அலோபியூரினாலை நிறுத்தாதீர்கள். நிறுத்தித் தொடங்கி, மீண்டும் நிறுத்தித் தொடங்குவது ஒவ்வொரு முறையும் மூட்டைக் கிளறிவிடும்.

ஆயினும் ஒரேயொரு சூழலில் அலோபியூரினாலை நீங்களே உடனே நிறுத்தியாக வேண்டும். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த மாத்திரையை உண்ணாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இது அரிது, வந்தால் உயிருக்கே ஆபத்தானது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நேரும். சிற்றளவில் தொடங்குவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஆகவே விரைவில் குணமாக வேண்டுமென்று நீங்களாக அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின்னரோ வேறு காரணத்துக்காகவோ அசாதியோபிரின் உண்பவர்கள் அதை அவசியம் தெரிவிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது கடுமையாகத் தடைப்படும்.

அலோபியூரினால் ஒவ்வாதவர்களுக்கு ஃபெபுக்ஸோஸ்டாட் உண்டு. இதய நோயாளர்களுக்கு இது தீங்கு தருமோ என்ற கவலையை 2018-ல் வெளிவந்த ஆய்வு எழுப்பியது. 2020-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அத்தகைய தீங்கைக் காணவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே இம்மருந்தைப் பெற வேண்டும்.

எத்தனை காலம் உண்பது? பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும். இரத்த அழுத்த மாத்திரையை எவ்வாறு எண்ணுகிறோமோ அவ்வாறே இதையும் எண்ண வேண்டும். யூரிக் அமிலம் 6-க்குக் கீழே நிலைத்திருந்தால் ஓரிரு ஆண்டுகளில் தாக்குகள் அரிதாகிப் பின் நின்றுவிடும், கட்டிகளும் சுருங்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களுக்குள் யூரிக் அமிலம் பழைய உயரத்துக்கே திரும்பும். வலி உடனே வராது. மாதங்கள் கழித்தே வரும். அதனால்தான் நிறுத்தியதற்கும் வலி வந்ததற்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புலப்படுவதில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் 517 கவுட் நோயாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒரு குழுவை, நோயின் இயல்பை விளக்கி மருந்தளவைப் படிப்படியாக உயர்த்தும் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கவனித்தனர். மற்றதற்கு வழக்கமான மருத்துவம் கிடைத்தது. இரண்டாண்டு முடிவில் செவிலியர் கவனித்த குழுவில் நூற்றுக்கு 95 பேர் இலக்கை எட்டியிருந்தனர். மற்றக் குழுவில் 30 பேர். புதுமருந்து எதுவும் இதில் இல்லை. ஏன் உண்கிறோம் என்பதை அறிந்து உண்டதும், அளவை இலக்குவரை உயர்த்தியதும்தான் வேறுபாடு.

தட்டில் இருப்பவை

உணவுக் கேள்விக்கு வருவோம். உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உணவிலிருந்து வருகிறது. எஞ்சியதை உடலே உண்டாக்குகிறது. மிகக் கடுமையான பத்தியத்தாலும் பொதுவாக ஒரு மில்லிகிராம் அளவே குறையும். 9.2 உள்ளவர் பத்தியம் மட்டும் இருந்தால் 8.2-ஐ அடைவார், படிகம் தொடர்ந்து சேரும். ஆகவே உணவு மருந்துக்குத் துணை. அதற்கு மாற்று அன்று. ஆயினும் தாக்கைத் தூண்டும் உணவுகள் உண்டு. அவற்றை அறிந்து விலக்குவது நலம்.

முதலில், வீண்பழி சுமக்கும் பருப்பைப் பற்றி. துவரம்பருப்பு, பயறு, கீரை, காளான், காலிஃபிளவர் ஆகியவற்றில் பியூரின் இருப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் மிகுதியாக உண்டவர்களுக்கே கவுட் அதிகம் வந்தது. பியூரின் மிகுந்த காய்களையும் பயறுகளையும் உண்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை. பாலும் தயிரும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கியவை, ஆபத்தைக் குறைத்தன. எனவே சாம்பாரை நிறுத்த வேண்டாம். பருப்பையும் கீரையையும் இழந்து வெறும் ரசஞ்சோறு உண்ணும் முதியவருக்குக் கவுட் குறைவதில்லை. உடல் மட்டும் மெலிகிறது. தக்காளி உண்டால் தமக்கு வலி வருகிறது என்று உறுதியாகச் சொல்பவர் அதைத் தவிர்த்துக்கொள்ளலாம். வீட்டார் அனைவரும் விலக்கத் தேவையில்லை.

உண்மையில் விலக்க வேண்டியவை ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை, குடல் முதலிய உள்ளுறுப்புக் கறிகள். நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களையும் அவற்றின் கருவாட்டையும் மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் வாரம் ஒருமுறை, சிறிதளவு போதும். கோழியும் பிற மீன்களும் அளவோடு. முட்டையில் பியூரின் மிகக் குறைவு, தயங்காமல் உண்ணலாம். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கால்வலிக்கு ஆட்டுக்கால் சூப் என்பது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் வைத்தியம். ஆனால் இறைச்சியைக் கொதிக்க வைக்கும்போது பியூரின் நீரில் இறங்கிவிடும். கவுட் உள்ளவருக்கு அந்தச் சூப்பை ஊட்டுவது, அவர் துன்பத்தின் மூலப்பொருளையே கிண்ணத்தில் வார்ப்பதாகும்.

மது எதுவாயினும் தாக்கைத் தூண்டும். அவற்றுள் பீர் மிகக் கேடானது, ஏனெனில் அதில் மதுவோடு பியூரினும் இருக்கிறது. பலரும் அறியாத மற்றொன்று இனிப்புப் பானங்கள். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் உடலில் சிதையும்போது யூரிக் அமிலம் பெருகுகிறது. நாள்தோறும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனிப்புக் குளிர்பானம் அருந்திய ஆண்களுக்குக் கவுட் ஆபத்து ஏறத்தாழ 85 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2008-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அட்டைப்பெட்டிப் பழச்சாறும் இதில் அடங்கும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் நல்லவை என்று தாராளமாகச் சேர்ப்பதும் பயனற்றது, அவையும் சர்க்கரையே. பழத்தைப் பழமாகவே கடித்து உண்பதில் தடையில்லை. காபி அருந்துவோர் அதை விட வேண்டியதில்லை. சர்க்கரையை மட்டும் குறைத்தால் போதும்.

நீர் போதிய அளவு அருந்துங்கள். சிறுநீர் வெளிர்நிறமாக இருக்கும் அளவு என்று கொள்ளலாம். வெயிலில் வேலை செய்வோருக்கு இது மிகவும் இன்றியமையாதது. இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ உடையவர்களுக்கு மருத்துவர் நீர் அளவை வரையறுத்திருப்பார். அதை மீறக் கூடாது. உடற்பருமன் உள்ளவர் எடையைக் குறைப்பது பெரும் உதவி, மெல்லக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் உயர்ந்து தாக்கு வரும். நாள்முழுதும் நோன்பிருப்போர், அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்து வேளைகளை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

உடனிருப்போர் அறிய வேண்டியவை

வேறு நோய்களுக்கான மருந்துகளும் யூரிக் அமிலத்தை மாற்றும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரைகள், சிற்றளவு ஆஸ்பிரின், காசநோய்க்குத் தரும் பைராசினமைடு ஆகியவை அதை உயர்த்துகின்றன. ஆனால் இவற்றை நீங்களாக நிறுத்துவது கவுட்டைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். காசநோய் மருந்தை இடையில் விடுவது நோயாளருக்கு மட்டுமின்றி வீட்டிலுள்ள அனைவருக்கும் கேடு. மருத்துவரிடம் சொன்னால் மாற்றக்கூடியவற்றை மாற்றித் தருவார்; எடுத்துக்காட்டாக, இரத்த அழுத்த மருந்துகளுள் லோசார்டான் யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் இயல்புடையது.

ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்றை மட்டும் எழுதி வைத்தால் எமக்கு மிகவும் உதவியாக இருக்கும்: யூரிக் அமிலப் பரிசோதனை செய்த நாளும் எண்ணும், அலோபியூரினால் அளவை மாற்றிய நாள், தாக்கு வந்த நாளும் மூட்டும். தாக்குக்கு முன்னாள் விருந்து, பட்டினி, நெடும்பயணம், காய்ச்சல் ஏதேனும் இருந்தால் அதையும் ஓரத்தில் குறியுங்கள். நோயாளர் வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அறுவைச் சிகிச்சைக்குச் சென்றாலோ அலோபியூரினால் உண்பதை அங்குள்ளவர்களிடம் முதலிலேயே தெரிவியுங்கள். அறுவைக்குப் பிந்திய நாட்களில் கவுட் தாக்கு வருவது அடிக்கடி நிகழ்வது; மாத்திரை விடுபட்டுப் போவதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த முறை வரும்போது வெற்று அட்டைகளையும் மீதமுள்ள மாத்திரைகளையும் பையோடு கொண்டுவாருங்கள். இடையில் சில நாட்கள் உண்ணாமல் விட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். அது தெரியாமல் அளவை உயர்த்திவிட்டால்தான் துன்பம். இலக்கை எட்டும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், எட்டிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் யூரிக் அமிலத்தோடு சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளையும் செய்துகொண்டு வர வேண்டும். இப்பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. காலை உணவையும் அன்றைய மாத்திரையையும் உண்டுவிட்டே வரலாம்.